பத்தரைக்கு முன்னால் பதினோரு நிமிடம்

வாசலில் காசிமாயனின் வண்டி உறுமியது.

மதியம் மணி பன்னிரண்டு. முனீஸ்வரி அடுப்படியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அந்த உறுமல் அவளுக்குப் பழக்கமானது. முதல் திருப்பலில் இருமும், இரண்டாவது திருப்பலில்தான் பிடிக்கும். பிடித்ததும் பின்பலகையின் சங்கிலி ஒரு முறை ஆடி அடங்கும். எல்லாம் அதே வரிசையில் கேட்டது.

காசிமாயன் இறந்து எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். சுவரில், சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் வண்டிச் சாவி அப்படியே தொங்கியது.

புளிக் கையோடு வெளியே ஓடினாள். வேப்பமரத்தடியில் நின்ற லோடு வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஒரு தாளை நீட்டியபடி அவளை நோக்கி வந்தார்.

"நன்மாடம் ஃபைனான்ஸ்ல இருந்து வாரோம்க்கா. எம்பேரு சுருளி. மூணு டியூ நிக்குது. வண்டியை எடுக்கச் சொல்லியிருக்காக."

"சாவி எங்கிட்டல்ல இருக்கு?"

"கடன் குடுக்கயில ஒரு சாவியக் கம்பெனி வாங்கி வச்சுக்கிரும். அந்தச் சாவி இது."

"கடனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. ஆளு போயிட்டா டியூ கட்ட வேணாம்னு எந்தம்பி சொன்னான். உங்க கம்பெனியிலதான் இருக்கான். தங்கப்பாண்டி."

சுருளியின் கை தாழ்ந்தது. வண்டிக்குள் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தங்கப்பாண்டி அக்காவா நீங்க? எங்களுக்கு வண்டி நம்பரைத்தான் குடுத்தாக. ஆளு யாருன்னு சொல்லல."

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல."

"தெரிஞ்சு என்னக்கா செய்ய? நான் எடுக்கலைன்னா நாளைக்கு வேற ஆளு வருவான். அவன் இப்படி நின்டு பேசிக்கிட்டு இருக்க மாட்டான்."

அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. முனீஸ்வரி தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த வண்டிதான் வீட்டின் சோறு. அலங்காநல்லூரைச் சுற்றிய ஊர்களில் பத்தொன்பது பேரின் மல்லிகைக் கொல்லைகளிலிருந்து பூமூட்டைகளை ஏற்றி, விடிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இறக்குவது காசிமாயனின் தொழில். எடை ஏறட்டும் என்று பூவில் தண்ணீர் தெளித்திருந்தால் மூட்டையைத் தொட மாட்டான். "காசி வண்டிப் பூவா, பிரிச்சுப் பாக்க வேணாம், கொட்டு" என்பார்கள் கமிஷன் கடைக்காரர்கள். அவன் போன பிறகு அந்தப் பத்தொன்பது பேரையும் முனீஸ்வரி நேரில் போய்ப் பார்த்திருந்தாள். ஒரு ஓட்டுநரையும் பேசி முடித்திருந்தாள். வரும் திங்கட்கிழமை முதல் வண்டி ஓட வேண்டும்.

சுருளி முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கருப்பசாமி படத்தை நகத்தால் மெல்லப் பெயர்த்து எடுத்தார். காய்ந்து கறுத்துப்போன ஒரு முழம் மல்லிகையும் அதோடு வந்தது. இரண்டையும் அவளிடம் நீட்டினார்.

"வச்சுக்கங்கக்கா. வண்டியத்தான் எழுதி வாங்கியிருக்காக. சாமிய எழுதி வாங்கல."

வண்டி கிளம்பியது. பின்பலகைச் சங்கிலியின் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் முனீஸ்வரி மதுரைக்குக் கிளம்பினாள். சிம்மக்கல்லில், மொத்த மருந்துக் கடைகளுக்கும் இரும்புக் கடைகளுக்கும் நடுவில் ஒரு மாடியில் இருந்தது நன்மாடம் ஃபைனான்ஸ். ஏறியதும் கண்ணில் பட்டது சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படம். கழுத்துப்பட்டை கட்டி, பல் தெரியச் சிரித்திருந்தான். கீழே 'மாதத்தின் நட்சத்திரம்' என்று எழுதி ஒரு மாதத்தின் பெயரும் போட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட். அவர்கள் வண்டி எடுத்த மாதம்.

படத்தில் இருந்தவன் அவன் இருக்கையில் இல்லை.

கிளை மேலாளர் அருள்பாண்டி எழுந்து நின்று வரவேற்றார். குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு ஃபைலைத் திறந்தார். "உங்க வருத்தம் எங்களுக்கும் இருக்கும்மா. இன்சூரன்ஸ் இருந்தது வாஸ்தவம். கிளெய்ம் போட்டோம். திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன்?"

"உங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருந்திருக்கு. ஆறு வருஷமா. ஆஸ்பத்திரிப் பேப்பர்லயே எழுதியிருக்கு. பாருங்க, மருந்துக் கடைச் சீட்டுகூட இருக்கு. நம்ம சிம்மக்கல் கடைதான்."

முனீஸ்வரி அந்தச் சீட்டைப் பார்த்தாள். மாத்திரையை அலங்காநல்லூரில் வாங்குகிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பூவை இறக்கிவிட்டு ஊர் திரும்புகிறவன் சிம்மக்கல் வரைக்கும் எப்போது வந்தான்?

"இருந்துச்சு. மாத்திரை சாப்பிட்டாரு. அதுக்கென்ன?"

"நோய் ஏதும் இருக்கான்னு கேட்டதுக்கு இதுல இல்லைன்னு எழுதியிருக்கார்." அருள்பாண்டி இன்னொரு தாளைத் திருப்பி வைத்தார். ஆங்கிலத்தில் பதினேழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே மாதிரி ஒரு டிக். கீழே காசிமாயன் என்று, எழுத்துக் கூட்டி எழுதும் அவன் கை. "பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டா இன்சூரன்ஸ்காரங்க என்னம்மா செய்வாங்க?"

பொய் என்ற சொல் வந்ததும் முனீஸ்வரி அந்தத் தாளைத் தள்ளி வைத்தாள். ஈரப்பூவைக்கூட ஏற்றாதவன்.

"இந்த இன்சூரன்ஸுக்கு எம்புட்டு வாங்குனீக?"

"இருபத்தெட்டாயிரத்து நானூறு. ஆனா நீங்க கையிலருந்து கட்டல. வண்டிக் கடன் அஞ்சு லட்சம், அதோட இதையும் சேர்த்துத்தான் கடன் குடுத்தோம்."

"அப்ப அதுக்கும் வட்டி."

"ஆமா."

"சர்க்கரை இருக்கவருக்கு இது கிடையாதுன்னா, அந்தக் காசையாவது கழிங்க."

"தப்பான தகவல் குடுத்திருந்தா பிரீமியம் திரும்ப வராதும்மா. அது விதி." அவர் கணினியைப் பார்த்துச் சொன்னார். "மூணு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் பாக்கி. இருபது நாள்ல கட்டினா வண்டி உங்களுக்கு. இல்லைன்னா ஏலம்."

தம்பி கீழே, மருந்துக் கடைகளை ஒட்டிய டீக்கடையில் இருந்தான். அவள் வருவதைப் பார்த்து எழுந்தான். ஓடவில்லை.

"போன எதுக்குடா அமத்துன?"

"என்னக்கா சொல்றது? கிளெய்ம் திரும்புனது எனக்கே நேத்துத்தான் தெரியும்."

"இன்சூரன்ஸ் இருக்கு, டியூ கட்ட வேணாம்னு நீதான சொன்ன? கட்டியிருப்பேன்ல. தோட்டைக் கழட்டியாச்சும் கட்டியிருப்பேன்."

தங்கப்பாண்டி டீக் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். இருபத்தொன்பது வயது. அவன் மனைவிக்கு ஏழாம் மாதம்.

"அந்தப் பேப்பருல டிக் அடிச்சது யாரு?" என்றாள்.

 அவன் சொல்ல வேண்டியதே இல்லை. அன்று அவளும் அந்த ஷோரூமில்தான் இருந்தாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியாக வேண்டும் என்று காசிமாயன் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். எலுமிச்சம்பழம், மாலை, கற்பூரம் எல்லாம் மஞ்சள் பையில் தயாராக இருந்தன. பேப்பர் மட்டும் வரவில்லை. ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. "இந்தா வருது மச்சான், சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று தங்கப்பாண்டி உள்ளே போய்ப் போய் வந்தான். பத்தே காலுக்கு மேல், ஒரு கட்டுத் தாளோடு ஓடி வந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"என்ன மாப்ள, இம்புட்டா?"

"குறி போட்ட இடத்துல எல்லாம் போட்டுக்கிட்டே வாங்க மச்சான். பேசுனா ராகு காலம் வந்துரும்."

"ஆத்தி, எஞ்சொத்தைப் பூரா எழுதி வாங்கிருவ போல."

"உங்ககிட்ட இருக்கது எங்க அக்கா ஒண்ணுதான். அதை நாங்கதான குடுத்தோம்."

எல்லோரும் சிரித்தார்கள். காசிமாயன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டான். முனீஸ்வரி ஒரு கையில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து இருபத்தெட்டுக்கு எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி வெளியே வந்தது. தப்பித்தோம் என்று அவள் கும்பிட்டாள்.

"பேப்பரு அன்னைக்கு ஏன் அம்புட்டு லேட்டா வந்துச்சு?" என்று கேட்டாள் இப்போது.

தங்கப்பாண்டி டீக்கடைப் பலகையைப் பார்த்தான். குரல் இறங்கியது.

"எப்பவுமே அப்படித்தான்க்கா. ராத்திரியே எல்லாம் ரெடியாயிரும். நல்ல நேரம் முடியுறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கயிலதான் வெளிய எடுக்கணும். முன்னாடியே குடுத்தா ஆளுக வாசிப்பாக. இது என்ன, அது எதுக்குன்னு கேப்பாக. அந்த நேரத்துல யாரும் எதையும் கேக்க மாட்டாக."

"ஆரு சொல்லிக் குடுத்தது?"

"வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொல்லிருவாக."

"இந்த இன்சூரன்ஸ் கட்டாயமாடா?"

"இல்லக்கா."

அவள் எழுந்துகொண்டாள். "அன்னைக்கு உன் மச்சானுக்காண்டி காலண்டரைப் பாத்து நேரம் குறிச்சுக் குடுத்தது நாந்தான்" என்றாள். பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது வழக்கறிஞர் சரண்யாதேவியின் அறை. நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறவர் என்று பூ மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். சரண்யாதேவிக்கு நாற்பது வயதிருக்கும்.  முனீஸ்வரி வீட்டிலிருந்து கொண்டுவந்த கடன் தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க பாருங்க. ரப்பர் வச்சு அழிச்சிருக்காங்க. பென்சில் போயிருச்சு, பள்ளம் போகல." எண்ணத் தொடங்கினார். "நாப்பத்தாறு கையெழுத்து. பேப்பர் மூலையில பிரிண்ட் ஆன நேரம் பதிவாகியிருக்கு, பத்து பதினேழு. ஷோரூம் கேட் சீட்டுல வண்டி வெளிய போன நேரம் பத்து இருபத்தெட்டு. பதினோரு நிமிஷம்."

"போதுமாம்மா இது?"

"போதாது. சட்டம் கையெழுத்தைத்தான் பாக்கும். படிக்காமப் போட்டது உங்க தப்புன்னு சொல்லிருவாங்க. இருபத்தெட்டாயிரம் அதிகம், வெளியில இதே காப்பீடு பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும், பாதிக்குமேல கம்பெனிக்கே கமிஷனாத் திரும்பி வரும். இதெல்லாம் சொல்லலாம், சொல்லுவேன். ஆனா கடன் அடையணும்னா ஒண்ணு நிரூபிக்கணும். அந்தக் கேள்விகளை உங்க வீட்டுக்காரர்கிட்ட யாரும் கேக்கவே இல்லை. இல்லேன்னா, அவருக்குச் சர்க்கரை இருக்கது அவங்க ஆளுக்கு முன்னாடியே தெரியும். அவங்க ஆளுக்குத் தெரிஞ்சா அது கம்பெனிக்குத் தெரிஞ்ச மாதிரி. தெரிஞ்சே பணத்தை வாங்கிட்டு இப்ப இல்லைன்னு சொல்ல முடியாது." தாள்களை அடுக்கினார். "ஆனா அதை அவங்க ஆளு வந்து சொல்லணும். எவன் சொல்லுவான்?"

"அந்த ஆளு எங்கூடப் பொறந்தவன்" என்றாள் முனீஸ்வரி.

சரண்யாதேவி பேனாவை மூடி வைத்தார். "அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவனுக்கு வேலை போயிரும். பொண்டாட்டி மாசமா இருக்கா. நாங்கூப்பிட மாட்டேம்மா."

வழக்குப் பதிவானது. வண்டியை ஏலம் விடக் கூடாது என்று நுகர்வோர் ஆணையம் இடைக்கால உத்தரவு கொடுத்தது. ரிங் ரோட்டில் நிறுவனத்தின் தகரக் கொட்டகைக்குப் பின்னால், வெயிலிலும் மழையிலும் வண்டி நின்றது. ஒரு முறை பஸ்ஸில் போகும்போது முனீஸ்வரி பார்த்தாள். முன் டயர் இரண்டும் தரையோடு படிந்திருந்தன. பத்தொன்பது பேரில் பதினாறு பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். மற்ற மூன்று பேரின் மூட்டைகளை அவள் முதல் டவுன் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனாள்.

அவளுடைய சாட்சியம் வழக்குப் போட்ட நான்காம் மாதம் வந்தது. நிறுவனத்தின் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க கணவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததா?"

இல்லை என்று சொல்லச் சொல்லி ஊரில் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள்.

"இருந்துச்சுங்க. அவரு யாருகிட்டயும் மறைக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு" என்றாள்.

முதல் சொல் போதும் என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டி ஊருக்கு வந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவன் வேப்பமரத்தடியில், வண்டி நிற்கும் இடத்தில், சற்று நேரம் நின்றான். எண்ணெய் சிந்திய கறை மண்ணில் இன்னும் இருந்தது. முனீஸ்வரியின் மகள் தமிழ்ச்செல்வி பள்ளிப் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனாள். அவள் காலில் கொலுசு சத்தமிட்டது. வயதுக்கு வந்த சடங்குக்குத் தாய்மாமன் சீராக அவன் போட்டது.

"சாப்பிடு" என்றாள் முனீஸ்வரி.

அவன் தட்டின் முன் உட்கார்ந்தான். சோற்றைத் தொடவில்லை. "அந்தக் கொலுசு வாங்குன காசு எதுன்னு தெரியுமாக்கா? அந்த ஆகஸ்ட் மாசம் முப்பத்தெட்டு இன்சூரன்ஸ் போட்டேன். அதுக்குக் குடுத்த இன்சென்டிவ்."

"சோறு ஆறுது."

"என்னையக் கம்பெனி சாட்சியாப் போட்டிருக்காக. பதினேழு கேள்வியையும் தமிழ்ல வாசிச்சுக் காட்டுனேன், மச்சான் இல்லைன்னு சொன்னாருன்னு ஒரு வாக்குமூலம் டைப் பண்ணி வச்சிருந்தாரு அருள்பாண்டி சார். கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா."

முனீஸ்வரி அவன் தட்டில் ரசம் ஊற்றினாள். 

"பென்சில் குறி இருந்துச்சா?"



"இருந்துச்சு."

"வாசிச்சியா?"

"இல்ல. புள்ளைக்கு ஆஸ்பத்திரி செலவு இருக்குல்ல, போட்டுட்டுக் கிளம்புப்பான்னாரு."

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எடை குறைவு. ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அத்தையாக முனீஸ்வரி போய்ப் பார்த்துவிட்டு, குழந்தையின் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்துவிட்டு வந்திருந்தாள். பேச்சு ஒன்றும் நடக்கவில்லை.

"அக்கா, என்னைய ஒரு வார்த்தை திட்டு."

"திட்டி என்னடா ஆகப் போகுது? வண்டி வந்துருமா?" அவள் எழுந்து சாமி படத்துப் பக்கம் போனாள். ஆணியில் சாவி தொங்கியது. "நீ வரணும்னு நாங்கேக்கல. இப்பவும் கேக்கல. ஆனா ஒண்ணு. மச்சான் பொய் சொன்னாருன்னு அந்தப் பேப்பருல இருக்கு. நாளைக்கு எம்மக அதை வாசிப்பா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்."

அவன் சாப்பிடாமல் கை கழுவினான்.

விசாரணை அன்று வெள்ளிக்கிழமை. முனீஸ்வரி எந்த நேரமும் பார்க்காமல் கிளம்பினாள். ஆணையத்தின் கூடம் சின்னது. மூன்று மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. தங்கப்பாண்டி எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில், அருள்பாண்டிக்கு அருகில், அதே கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்தான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். சரண்யாதேவி எழுந்தார்.

"பிரிண்ட் ஆனது பத்து பதினேழு. வண்டி வெளிய போனது பத்து இருபத்தெட்டு. இந்தப் பதினோரு நிமிஷத்துல நாப்பத்தாறு கையெழுத்தும் வாங்கி, பதினேழு கேள்வியும் வாசிச்சீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"வேகமா வாசிப்பீங்களோ?"

"பழக்கங்க. தெனமும் வாசிக்கிறதுதான்."

அருள்பாண்டி லேசாகத் தலையசைத்தார். சரண்யாதேவி அந்தத் தாளை எடுத்துச் சாட்சிக் கூண்டின் பலகையில் வைத்தார். "ரொம்ப நல்லது. அன்னைக்கு வாசிச்ச மாதிரியே இப்பவும் தமிழ்ல வாசிங்க. நான் நேரம் பாத்துக்கறேன்."

நிறுவனத்தின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தினமும் வாசிக்கிறவர்தானே, வாசிக்கட்டும்" என்றார்.

தங்கப்பாண்டி தாளைக் கையில் எடுத்தான். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன எழுத்துகள். எத்தனையோ நூறு முறை அவன் கை பட்ட தாள். தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணு. உங்களுக்கு… இதயத்துல… கோளாறு ஏதாவது இருக்கா?" நிறுத்தினான். "ரெண்டு. கடந்த அஞ்சு வருஷத்துல ஏதாவது…" ஒரு சொல்லின் மீது விரல் நின்றது. உதடு அசைந்தது. "இதுக்குத் தமிழ்ல என்னங்க சொல்றது?"

 பின்வரிசையில் யாரோ சிரித்து நிறுத்திக்கொண்டார்கள்.

அவன் அந்தச் சொல்லைத் தாண்டினான். மூன்றாவது கேள்வியில் மறுபடி தடுக்கினான். நான்காவதைப் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.  ஐந்து முடிவதற்குள் நான்கு நிமிடம் போயிருந்தது. சரண்யாதேவி கடிகாரத்தைப் பார்த்தார். அருள்பாண்டி பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஆறு" என்றான் தங்கப்பாண்டி. "உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கா? அதுக்கு மாத்திரை…"

அங்கே நின்றுவிட்டான். தாள் காற்றில் ஆடியது.  முனீஸ்வரி மடியில் இருந்த மஞ்சள் பையை இறுகப் பிடித்தாள்.

"மேல வாசிங்க" என்றார் தலைவர்.

அவன் தாளைப் பலகையில் வைத்தான். வைத்த பிறகும் அதன் மேல் உள்ளங்கையை அழுத்தியபடியே நின்றான்.

சரண்யாதேவி ஒரு அடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "இந்த ஆறாவது கேள்வியை அன்னைக்குக் காசிமாயன்கிட்ட கேட்டீங்களா, இல்லையா?"

தங்கப்பாண்டி அருள்பாண்டியைப் பார்த்தான். பிறகு, அன்று முதல் முறையாக, அக்காவைப் பார்த்தான்.

"கேக்கலைங்க. கேக்க என்ன இருக்கு? சிம்மக்கல் கடையில மாசாமாசம் மச்சானுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக் குடுத்ததே நாந்தான்."